டேப் வைத்து 11 வருடம்: தும்மலும் நானும்

“ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே, சரியாயிடுச்சா?”

தும்மினால், இருமினால் சிறுநீர் கசியாமல் இருக்க, டேப் என்கிற வலை நாடாவை உள்ளே வைத்து நான் செய்துகொண்ட அறுவையைப் பற்றிய கேள்வி இது. என்னிடம் இதைக் கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒருவர்கூட நாலு பேர் முன்னால் கேட்டதில்லை. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில், கோயில் பிரகாரத்தில் கொஞ்சம் ஒதுங்கி, ஒருமுறை நீதிமன்றக் கழிப்பறை வாசலில் ஒரு வக்கீலம்மா. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கித்தான் கேட்பார்கள். முதல் சில வருடங்கள் “ஆமாம், சுத்தமா சரியாயிடுச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. “சரியாகலை” என்றாலும் அது பொய்தான். அதனால் நீளமான பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். வயது 57. நீதிபதி சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்க வேண்டும். பாதியில் எழுந்து போவது என்பது கிடையாது. பழைய வழக்குக் கட்டைப் பிரித்தால் தூசி கிளம்பும், தூசி கிளம்பினால் எனக்குத் தும்மல் வரும், வந்தால் நான்கைந்து சேர்ந்துதான் வரும். இரண்டாவது பிரசவம் முடிந்ததிலிருந்தே, அதாவது 1995-லிருந்தே, பலமாகத் தும்மினால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு சிறுநீர் கசியும். 2004 வாக்கில் அது சொட்டுக் கணக்கைத் தாண்டிவிட்டது. குடம் தூக்கினால், பேருந்துக்கு ஓடினால், வாய்விட்டுச் சிரித்தால் வந்துவிடும்.

ஒருநாள் குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தபோது மூன்று தும்மல். என் நாற்காலி பிரம்பு பின்னியது. நனைந்தது எனக்குத் தெரிகிறது, எழுந்தால் மற்றவர்களுக்கும் தெரியும். மதிய இடைவேளைக்கு மன்றம் கலைந்த பிறகும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடுவதுபோல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆள் போனதும் புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். அதற்குப் பிறகு அடர்நிறப் புடவைதான், நாற்காலியில் மடித்த துண்டுதான், காலையிலிருந்து மாலை வரை அரை டம்ளர் தண்ணீர்தான். தண்ணீரைக் குறைத்ததன் பலன், வருடத்துக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பு.

எங்கள் தொழிலில் வாய்தா என்பது அன்றாடச் சொல். அந்த நோய்க்கு நான் ஒன்பது வருடம் வாய்தா வாங்கினேன். மகள் பரீட்சை, மாமியார் உடம்பு, வீட்டுக் கடன். உண்மையான காரணம், வெளியில் சொல்ல வெட்கம். ஒருமுறை குடும்ப மருத்துவரிடம் தைரியம் வந்து சொன்னபோது, “பிள்ளை பெத்தவங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சகஜம் என்பது சரிதான். தலைவலிகூடச் சகஜம்தான், அதற்கு மருந்து கேட்டால் யாரும் இப்படிச் சொல்வதில்லை.

இதன் ஆங்கிலப் பெயரில் ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. முதன்முதலில் ஒரு மருத்துவச் சீட்டில் அதைப் படித்த என் வீட்டுக்காரர், “டென்ஷனைக் குறைச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்” என்றார். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தும்மல், இருமல், சிரிப்பு, பளு இவற்றால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. சிறுநீர்க் குழாயைத் தாங்க வேண்டிய தசையும் சவ்வும் தளர்ந்திருந்தால் அந்த அழுத்தத்தில் கசிகிறது. அவ்வளவுதான். இதற்கு ஒரு பங்காளி நோய் உண்டு. திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் வெளியேறிவிடுவது. அங்கே பிரச்சினை குழாயின் தாங்கலில் இல்லை. சிறுநீர்ப்பையே நேரங்காலம் இல்லாமல் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் 11 வருடக் கதையின் பாதி இதில்தான் இருக்கிறது.

2012-ல் மகள் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒழுங்கான பரிசோதனை நடந்தது. மூன்று நாள் எவ்வளவு குடிக்கிறேன், எவ்வளவு போகிறேன், எப்போது கசிகிறது என்று எழுதி வரச் சொன்னார்கள். பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டு எழுதினேன். குறிப்பெடுப்பது நம் பிழைப்பு, அதனால் நிமிடம் தவறாமல் எழுதியிருந்தேன். டாக்டரம்மா சிரித்தே விட்டார். அப்புறம் பை நிறைந்த நிலையில், கீழே காகித விரிப்பைப் போட்டு, கால்களை அகட்டி நிற்கவைத்து “இருமும்மா” என்றார்கள். இருமினேன். காகிதம் நனைந்தது. கூச்சத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் முகத்தில், தேடிய தாள் கிடைத்தவரின் திருப்தி.

உடனே அறுவை சிகிச்சை என்று அவர் சொல்லவில்லை. முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. இதை 1948-லேயே அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் எழுதிவைத்துவிட்டார், அதனால்தான் கீகல் பயிற்சி என்கிறோம். நான் ஏற்கெனவே ஒரு வருடமாக ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு அதைச் செய்துகொண்டுதான் இருந்தேன், பலனில்லை என்று சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி கையுறை போட்டு உள்ளே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க உள்ளே இழுக்கலை, முக்குறீங்க” என்றாள். ஒரு வருடமாக இறங்குகிற இடத்தை இன்னும் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்! வாயு வெளியே போகாமல் அடக்குவதுபோல் பின்னாலிருந்து பிடித்து, அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து மேலே தூக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டுத் தடவைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம் ஒருவர் கண்காணிப்பில் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று பேசவே முடியும். தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொன்னவுடன் ஒரு பிடி பிடித்துக்கொள்வதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

ஒழுங்காகச் செய்ததில் பாதி குறைந்தது. பாதி என்பது சிலருக்குப் போதும். பிரம்பு நாற்காலியில் உட்காருகிற எனக்குப் போதவில்லை. நெதர்லாந்தில் 460 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பயிற்சியும் இன்னொரு பிரிவுக்கு அறுவையும் என்று ஆரம்பித்து, 2013-ல் முடிவை வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் தாங்களே கேட்டு அறுவைப் பக்கம் போய்விட்டார்கள். அதைப் பின்னாளில் படித்தபோது, நான் மட்டும் பொறுமையில்லாதவள் இல்லை என்று ஒரு ஆறுதல். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மற்ற பாதிப் பேர் அந்த ஒரு வருடத்தில் அறுவைப் பக்கம் போகவில்லை.

2013 ஜூனில் அறுவை. எனக்கு வைத்தது ஒரு சென்டிமீட்டர் அளவே அகலமுள்ள பாலிபுரொப்பிலீன் வலை நாடா. ஹெர்னியாவுக்கு வைக்கும் வலையும் இதே பொருள்தான். பெண்ணுறுப்பின் முன்சுவரில் சின்னதாகக் கீறி, சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் இந்த நாடாவைப் போட்டு, இரண்டு முனையையும் தொடை இடுக்கு வழியாக எடுத்துவிடுவார்கள். குழாயை இழுத்துக் கட்டுவதில்லை. குழந்தைக்குத் தூளி கட்டுவதுபோல் தளர்வாக விட்டிருப்பார்கள். தும்மும்போது குழாய் இறங்கி அந்தத் தூளியில் அழுந்தி மூடிக்கொள்ளும். சில வாரத்தில் நம் சதையே வலைக் கண்களுக்குள் வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்த நாடா முறையை 1990-களில் சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்தார். அதில் முனைகள் வயிற்றுப் பக்கம், பூப்பெலும்புக்குப் பின்னால் வரும். தொடை வழியாக எடுப்பது 2001-ல் பிரான்ஸ் மருத்துவர் டெலோர்ம் கொண்டுவந்த மாற்றம். வயிற்றுப் பக்க வழியில் சிறுநீர்ப்பையில் ஊசி பட்டுவிடுவதும் பிறகு நீர் பிரியாமல் சிரமப்படுவதும் சற்று அதிகம். தொடை வழியில் இடுக்கு வலி அதிகம். எனக்கு எது நல்லது என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. மயக்க ஊசியை முதுகில் போட்டார்கள், அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆனது, மறுநாள் சிறுநீர் டியூபை எடுத்தார்கள். சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்து, 90 மில்லி, போகலாம் என்று அனுப்பினார்கள்.

தொடை இடுக்கு வலி ஐந்து வாரம் இருந்தது. ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கும்போது சுருக்கென்று குத்தும். சிறுநீர் முன்போல் பாய்ந்து வரவில்லை, கொஞ்சம் யோசித்து யோசித்து வந்தது, இன்றைக்கும் அப்படித்தான். ஆறு வாரம் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் தொடக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு கட்டளையைக் காப்பாற்றுவதுதான் அறுவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏழாவது வாரம் ஒருநாள், காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுவிட்டு அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டேன். நெடி ஏறி, வீட்டில் எல்லோரும் இருமுகிறார்கள். நானும் இருமினேன், தும்மினேன், மறுபடி இருமினேன். குனிந்து புடவையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அடுப்பங்கரையில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து மாமியார் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அடுத்த ஐந்து வருடம் பொற்காலம். சுவாமிமலைக்கு 60 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு முன்பெல்லாம் பயம், ஒவ்வொரு படிக்கும் ஒரு குலுக்கல். கார்த்திகைக்குக் கார்த்திகை போக ஆரம்பித்தேன். 2016 பிப்ரவரி மகாமகத்தில், அந்தக் கூட்டத்தில், கழிப்பறை எங்கே என்று ஒரு தடவைகூடத் தேடாமல் அரை நாள் நின்றேன். நீதிமன்ற நாற்காலியில் துண்டு போடுவதை நிறுத்தினேன். அந்த ஐந்து வருடத்துக்காக மட்டுமே இந்த அறுவையை ஒருவர் செய்துகொள்ளலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தசைப் பயிற்சியை அப்போது விட்டுவிட்டேன். டேப் பார்த்துக்கொள்கிறதே, நான் எதற்கு என்ற எண்ணம். என் பக்கத்துத் தவறு இது.

2018 கடைசியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. அலுவலகம் முடிந்து வந்து, வாசலில் நின்று பூட்டில் சாவியை நுழைக்கும் நேரத்தில், அதுவரை இல்லாத அவசரம் வந்து முட்டும். கதவைத் திறந்து நான்கு எட்டு வைப்பதற்குள் வந்துவிடும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. டேப் அறுந்துவிட்டது, பணமும் வலியும் வீண் என்று முடிவுகட்டிக்கொண்டு மருத்துவரிடம் போய்ச் சண்டைக்கே நின்றேன். அவர் பதில் பேசாமல் பழையபடி காகிதத்தை விரித்து, “இருமும்மா” என்றார். எவ்வளவு இருமியும் ஒரு சொட்டு விழவில்லை. “உங்க டேப் அது வேலையைச் செய்யுது. இது வேற கேஸ்” என்றார்.

கசிவு கசிவுதானே, புடவை நனைந்தால் எந்தக் காரணத்தில் நனைந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சிகிச்சை அதில்தான் மாறுகிறது. டேப் இருமல் கசிவை நிறுத்துவதற்கான ஏற்பாடு. அவசரத்தை அது நிறுத்தாது. சிலருக்கு அறுவைக்குப் பிறகு புதிதாக அவசரம் கிளம்புவதும் உண்டு. எனக்கு வந்தது டேப்பினாலா, வயதினாலா, ஹார்மோன் குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் தொடர்ந்து போனேன். உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுத்தார். அவசரம் வந்ததும் ஓடாமல் நின்ற இடத்தில் ஐந்து முறை இறுக்கிப் பிடித்து, அலை அடங்கிய பிறகு நடந்து போகப் பழக்கினார். ஒரு மாத்திரையும் கொடுத்தார். வாய் வறண்டு மலச்சிக்கல் வந்ததால் மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டேன், முக்குவதுதான் இந்த இடத்துக்கு முதல் எதிரி. காபியைக் குறைக்கச் சொன்னார். கும்பகோணத்துக்காரியிடம் காபியைக் குறை என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரிந்துதான் சொன்னாரா தெரியவில்லை. நாலு டம்ளர் இரண்டாகியிருக்கிறது. மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் மெஷ் பயம், அதாவது இந்த வலையைப் பற்றிய பயம், பரவியது. பிரிட்டனில் 2018 ஜூலையில் இந்த வலை வைக்கும் அறுவையை நிறுத்திவைத்தார்கள். வலியால் வருடக்கணக்கில் அவதிப்பட்ட பெண்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று 2020-ல் இதை விசாரித்த கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை வந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் மெஷ் விற்பனையை நிறுத்த உத்தரவு வந்தது. இதில் பலர் குழப்பிக்கொள்கிற ஓர் இடம் உண்டு. அமெரிக்க உத்தரவு அடியிறக்கத்துக்கு, அதாவது உள்ளுறுப்புகள் பெண்ணுறுப்பு வழியாகக் கீழே இறங்குவதற்கு, வைக்கும் பெரிய வலையைப் பற்றியது. கசிவுக்கு வைக்கும் ஒல்லி நாடா அதில் சேர்த்தி இல்லை. பிரிட்டன் நிறுத்திவைத்ததில் நாடாவும் சேர்ந்திருந்தது.

சரி, என் உடம்புக்குள் இருப்பது எந்த கம்பெனி நாடா என்று பார்ப்போம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். ‘டேப் வைக்கப்பட்டது’ என்ற அளவில் ஒரு வரி. பெயர் இல்லை, எண் இல்லை. அறுவை செய்த மருத்துவமனைக்குப் போனேன். நிர்வாகம் கைமாறியிருந்தது, பழைய கோப்புகள் இல்லை என்று வரவேற்பிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் தட்டச்சு செய்து கொடுக்கிறவள் நான். ஒரு வரி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிறவள். என் உடம்புக்குள் ஆயுளுக்கும் இருக்கப்போகிற பொருளின் நகலைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. அந்த நாடா வரும் டப்பாவில் பெயர், தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அறுவைக் குறிப்பின் நகலோடு ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். பின்னால் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வைத்தார்கள், எந்த வழியாக வைத்தார்கள் என்பதுதான்.

நீண்டகாலத்தில் எப்படி இருக்கும் என்று நானே தேட ஆரம்பித்தேன். மகள் எடுத்துத் தந்தாள், இரவில் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். முதலில் கிடைத்தது வடக்கு ஐரோப்பாவில் 90 பெண்களை 17 வருடம் தொடர்ந்த ஆய்வு. வயிற்றுப் பக்க வழியில் நாடா வைத்தவர்கள். 17-வது வருடம் சோதிக்க முடிந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு இருமல் சோதனையில் கசிவு இல்லை. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நாள் அமெரிக்க ஆய்வு. 597 பெண்கள், பாதிப் பேருக்கு வயிற்றுப் பக்க வழி, பாதிப் பேருக்கு என்னைப்போல் தொடை வழி. ஐந்தாவது வருடத்தில் வெற்றி 51 சதவீதம், 43 சதவீதம். வந்த உயிர் மறுபடி போனது.

ஒரே மாதிரி நாடா, எப்படி இவ்வளவு வித்தியாசம்? மகள்தான் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து அளவுகோல் வேறு என்று கண்டுபிடித்தாள். முதல் ஆய்வின் அந்த எண், மருத்துவர் முன்னால் நின்று இருமும்போது கசிகிறதா என்று பார்த்தது. இரண்டாவதில், இருமினால் கொஞ்சமாவது வருகிறது என்று அந்தப் பெண்ணே சொன்னாலோ, மறு சிகிச்சை எடுத்திருந்தாலோ தோல்விக் கணக்கு. நான் முதல் ஆய்வில் இருந்திருந்தால் பாஸ், இரண்டாவதில் இருந்திருந்தால் ஃபெயில். நான் ஒரே ஆள்தான்.

மூன்றாவது ஒன்று இன்னும் விசித்திரம். வலை வைக்காத இரண்டு பழைய அறுவைகளை அமெரிக்காவில் 655 பெண்களிடம் ஒப்பிட்டிருந்தார்கள். ஒன்று வயிற்றைத் திறந்து தையலால் தூக்கிக் கட்டும் பர்ச் முறை. இன்னொன்று நம் வயிற்றுச் சவ்விலிருந்தே ஒரு பட்டை எடுத்து அதையே தூளியாக வைப்பது. ஐந்து வருடம் கழித்துச் சொட்டுக்கூட இல்லாமல் இருந்தவர்கள் பர்ச்சில் 24 சதவீதம், சவ்வுத் தூளியில் 31 சதவீதம். ஆனால் திருப்தியாக இருக்கிறோம் என்றவர்கள் 73 சதவீதம், 83 சதவீதம்! படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நானும் அந்த 83-ல் ஒருத்திதான். ஒரு நாளைக்கு மூன்று துண்டு மாற்றியவளுக்கு, வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு சொட்டு என்பது நோய்க் கணக்கில் வராது.

எண்ணுக்கு வெளியே நான் நேரில் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் நாத்தனார் 2001-ல் பர்ச் முறையில் செய்துகொண்டார். இன்றுவரை இருமினாலும் தும்மினாலும் ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்துப் பின்பக்கச் சுவர் இறங்கி, மலம் கழிக்கச் சிரமப்பட்டு, அதற்கு ஒரு அறுவை. முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினால் பின்பக்கத்தில் அழுத்தம் கூடி இப்படி ஆவது அந்த முறையில் தெரிந்த விஷயம்தான். நாத்தனாருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. இன்னொருத்தர் என்னோடு வேலை பார்த்தவர், டேப் வைத்து இரண்டாம் வருடம் உள்ளாடையில் லேசாக ரத்தக் கறை. மாதவிலக்குக் கோளாறு என்று நினைத்துவிட்டார். கணவர் ஏதோ குத்துகிறது என்று சொன்ன பிறகும் கூச்சத்தில் எட்டு மாதம் மறைத்தார். வலை சதையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள், வலி போனது, கசிவு பாதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, நூற்றில் சிலருக்குத்தான். அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால் முதல் கறையிலேயே போய்க் காட்ட வேண்டும். டேப் வைத்தவர்கள் காரணம் தெரியாத ரத்தக் கறை, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உறவின்போது குத்தல், அடிக்கடி நீர்க்கடுப்பு, நீர் பிரிய முக்க வேண்டிய நிலை இதில் எது வந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ‘எனக்குள் டேப் இருக்கிறது’ என்று சொல்லித்தான் மருத்துவரிடம் பேச்சையே தொடங்க வேண்டும்.

2021-ல் கொரோனா வந்து ஒன்றரை மாதம் இருமல். வீட்டில் அடைந்து கிடந்ததில் ஆறு கிலோ ஏறியிருந்தேன். எட்டு வருடத்தில் முதல்முறையாக இருமலுக்குக் கசிந்தது. இந்தத் தடவை சண்டைக்குப் போகவில்லை. பழைய பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் பிடித்தேன். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அவளே பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். மறுபடி எட்டு, மூன்று வேளை. நான்கு கிலோ குறைத்தேன். எடை குறைந்தால் கசிவு குறைவது கண்கூடாகத் தெரிகிறது, நான்கு கிலோவுக்கே தெரிந்தது.

இன்றைய நிலவரம்: சாதாரண நாளில் ஒன்றும் வேண்டாம். சளி பிடித்தால் ஒரு மெல்லிய நாப்கின். வெளியூர்ப் பயணத்தில் கைப்பையில் ஒன்று இருக்கும், பெரும்பாலும் பிரிக்காமலே திரும்பி வரும். அவசரம் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பூட்டு முன்னால் வந்து மிரட்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்கிறேன். நாற்காலியில் துண்டு இல்லை.

அந்த வக்கீலம்மா போன மாதம் மறுபடி வந்தார். அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்றார். சொன்னேன், அவர் வழக்குக் கட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். எனக்கு இருப்பது இருமல் கசிவா, அவசரமா, இரண்டுமா? இரண்டும் என்றால் எது நிற்கும், எது நிற்காது? வலை உள்ளதா இல்லாததா, ஏன்? எந்த வழி? வெற்றி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், ஒரு சொட்டும் இல்லாததையா, குறைவதையா? நீங்கள் அறுவை செய்தவர்களை எத்தனை வருடம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறீர்கள்? பிரச்சினை வந்தால் டேப்பை எடுக்கத் தெரிந்தவர் யார், நீங்களா, வேறு ஊருக்குப் போக வேண்டுமா?

கடைசியில் பேனாவை மூடிவிட்டு, “நீங்க திரும்பப் போனா செஞ்சுப்பீங்களா?” என்றார்.

“செஞ்சுப்பேன். ஆனா அந்த ஸ்டிக்கரைக் கையில வாங்காம ஆஸ்பத்திரியை விட்டு நகர மாட்டேன்.”

அதையும் எழுதிக்கொண்டார். ஸ்டிக்கர் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டதைப் பார்த்தேன்.